கலங்கல் தண்ணிக்கு எதுக்குங்க கண்ணாடி நரம்பு?

இன்னைக்குக் கொஞ்சம் சூடான பதிவு. தூண்டில் பிடிக்காத சைவப் பார்ட்டிகளும் படிக்கலாம், கடைசியில உங்களுக்கும் வேலை இருக்கு.

கொஞ்ச நாளா எங்க சின்னமனூர்ப் பக்கம் புதுசா ஒரு சாமி வந்திருக்கு. பேரு ஃப்ளோரோகார்பன். "அண்ணே, முள்ளுக்கு மேல ரெண்டு முழம் ஃப்ளோரோ கட்டலேன்னா மீன் கடிக்காதுண்ணே"ங்கிறான் ஒரு தம்பி. எங்கப்பா போடப் போறேன்னு கேட்டா, முல்லைப் பெரியாத்துலயாம்! மழை பேஞ்சா டீத்தண்ணி மாதிரி ஓடுற ஆத்துல!

முதல்ல அது என்னன்னு பாத்துருவோம். ஜப்பான்ல குரேஹாங்கிற கம்பெனி 1971-ல தூண்டிலுக்குன்னு கொண்டாந்த சரக்கு. தண்ணியோட ஒளிவிலகல் எண் 1.33. இதுக்கு 1.42. நம்ம தங்கூசி நைலானுக்கு 1.5-க்கு மேல. தண்ணிக்குக் கிட்டத்துல இருக்கிறதால கண்ணுக்குக் கம்மியாத் தெரியும். கவனிங்க, கம்மியாத்தான். மாயமா மறையாது.

இது யாருக்கு வேணும்? கனடாவுல, அமெரிக்காவுல ஸ்டீல்ஹெட், சால்மன் பிடிக்கிறவனுக்கு வேணும். அங்க ஆறு அடி வரைக்கும் தெளிஞ்சு கெடக்கும், மீனும் உஷார். பாறையில உரசினாலும் சட்டுனு அறாது. நியாயமான செலவு. ஸ்டீல்ஹெட் வேற யாருமில்ல, கடலுக்குப் போய்த் திரும்பி வர்ற ரெயின்போ ட்ரவுட்தான். வெள்ளைக்காரன் நீலகிரியிலயும் மூணாறுலயும் கொண்டாந்து விட்டானே, அதே ஜாதி. போடிமெட்டு ஏறி, அனுமதி வாங்கி, மூணாறு ஓடையில ட்ரவுட்டுக்குப் போடுறியா? தாராளமாக் கட்டு ராசா, நான் குறுக்க நிக்கல.

ஆனா இங்க? கலங்கல்ல வாசத்தை மோந்து வர்ற கெளுத்திக்கு நரம்பு தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? ஜிலேபிக் கெண்டைக்கு நல்ல மண்புழு போதும். விராலுக்குத் தவளை பொம்மை போடுறவன் கூட இதைக் கட்டுறான் பாருங்க, அங்கதான் சிரிப்பு வருது. தண்ணியை விட நைலான் 1.14 மடங்கு கனம், ஃப்ளோரோ 1.78 மடங்கு. மெதக்க வேண்டிய தவளையோட மூக்கைத் தண்ணிக்குள்ள இழுக்கும். காசு குடுத்து மீனை விரட்டுற வித்தை!

இன்னொண்ணு, முடிச்சு. இந்த நரம்பு விறைப்பு ஜாஸ்தி. எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவா இறுக்கலேன்னா உரசுற சூட்டுல அங்கயே நொந்துரும். பெரிய மீன் அத்துக்கிட்டுப் போனதும் "டூப்ளிகேட் சரக்குண்ணே"ன்னு பொலம்பல். முடிச்சுப் போடக் கத்துக்க அஞ்சு பைசா செலவில்ல, அதை மட்டும் எவனும் செய்ய மாட்டான்.

இதெல்லாம் அவனவன் காசு, உனக்கென்ன வந்துச்சுன்னு கேப்பீங்க. நியாயம். என் எரிச்சல் அங்க இல்ல.

சிக்கின நரம்பை அத்துக் கரையிலயே போட்டுட்டுப் போறாங்களே, அதுதான். நைலானாவது வெயில்ல காஞ்சு காஞ்சு மெல்ல நொறுங்கும். இது வெயிலுக்கும் மசியாது, தண்ணியையும் உறிஞ்சாது. விக்கிறவன் பெருமையாச் சொல்ற அந்தக் குணந்தான் கரையில கெடக்கும்போது சாபம். மீனுக்கே சரியாத் தெரியாத நரம்பு கொக்குக்கும் மீன்கொத்திக்கும் எப்படித் தெரியும்? கால்ல சுத்தினா இறுக்கி, சதையை அறுத்து, பட்டினி போட்டுத்தான் கொல்லும். அறுப்பு முடிஞ்ச வயல்ல மேயிற மாடு புல்லோட சேத்து முழுங்கினா என்னாகும்? யோசிங்க.

மூங்கில் கம்பும் தங்கூசியுமா உக்காந்திருக்கிற பெருசுகளைப் பாத்து நம்ம தம்பிக நக்கல் அடிக்கிறாங்க. அந்தப் பெருசு மிச்ச நரம்பைக் கட்டையில சுத்தி இடுப்புல சொருகிட்டுத்தான் எந்திரிக்கும். யாரு மாடர்னு, நீங்களே சொல்லுங்க.

அதனால சொல்றேன். தெளிஞ்ச தண்ணியா, பாறையா, உஷாரான மீனா, வாங்கு. கலங்கலா, பாசியா, விராலா, வாங்காத. எதை வாங்கினாலும் அத்த துண்டைச் சட்டைப் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு போ. முழுசாத் தூக்கிப் போடாம, சின்னச் சின்னதா நறுக்கிக் குப்பையில போடு.

டிஸ்கி: தூண்டில் தொடாத மக்களே, உங்க வேலை இதுதான். ஆத்தங்கரைப் பக்கம் நடக்கப் போனா நரம்பு கெடக்கான்னு பாருங்க. முள்ளு இருக்கும், சூதானமா எடுங்க. கும்மி அடிக்கிறவங்க பின்னூட்டத்துல வரிசையில வரவும் :-)