வாய்க்காலையும் சேர்த்து எடுங்க

பாண்டின்னு சொன்னதும் உங்க போன் கேலரியைத் திறந்து பாருங்க. மஞ்சள் சுவர், அதுக்கு மேல காகிதப்பூ, ஓரமா ஒரு சைக்கிள், முன்னாடி நீங்க. என் போனிலும் அதேதான் இருக்கு. ஆனா போன மாசம் துய்மா வீதியில் அப்படி ஒரு சுவர் முன்னால நின்னப்போ ஒரு சந்தேகம் வந்துச்சு. இந்தச் சுவர் ஏன் இவ்வளவு உயரம்?

பிரெஞ்சுக்காரர்களின் வீடு உயர்ந்த மதிலுக்கும் பெரிய கேட்டுக்கும் பின்னால் ஒளிஞ்சிருக்கும். மேற்கே நடந்து பெரிய வாய்க்காலைத் தாண்டினா தெருவே வேற மாதிரி ஆயிடும். வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். தெருவைப் பார்த்துத் திண்ணை, மேலே தாழ்வாரம், உள்ளே முற்றம். வழியில் போறவங்க உட்காரவும் அங்கே இடம் உண்டு.

இந்தக் கோடு தானா விழலை. 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. நேர்நேரான வீதிகளுக்குத் திட்டம் போட்டது அவங்கதான். பின்னாடி பிரெஞ்சு ஆட்சியில் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர்னு ஊர் பிரிஞ்சு நின்னது. 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரை இடிச்சுத் தரைமட்டமாக்கினாங்க. திரும்பக் கட்டினப்போ கட்டடம் புதுசு, பிரிவு பழசு. துய்ப்ளேக்ஸின் தலைமை துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை பெரிய வியாபாரி, கவர்னருக்கு நெருக்கமானவர். அவர் வீடும் வாய்க்காலுக்கு மேற்கேதான்.

வெள்ளைக்காரனைத் திட்டிட்டு நகர்ந்துடலாம்னு பார்த்தா, அதே பிள்ளையின் நாட்குறிப்பு விடமாட்டேங்குது. 1745-ல் சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரிச்சு ஒரு சுவர் இருந்ததையும், அந்த மக்கள் பாதிரியாரிடம் போய் முறையிட்டதையும் அவர் எழுதி வச்சிருக்கார். (இப்போ நிற்கிற கோயில் அதுக்கு அப்புறம் கட்டினது.) 2008-ல் யுனெஸ்கோ விருது வாங்கின வைசியாள் வீதியை எடுத்துக்கங்க. யாருடைய தெருன்னு பேரே சொல்லிடுது. மேற்குப் பக்கத்துக்கு உள்ளேயும் கோடுகள் இருந்தன. அதுக்கு நாம யாரைத் திட்டுறது?

இன்னொண்ணு. ‘ஒயிட் டவுன்’னு ஹோட்டல் போர்டுல போடுறாங்க, ரீல்ஸ்ல நாமளும் போடுறோம். அதுக்கு ஜோடியான ‘பிளாக் டவுன்’ங்கிற பேரை யாராவது டேக் பண்ணிப் பார்த்திருக்கீங்களா? இப்போ நிறம் பார்த்து யாரும் தடுக்கிறதில்லை. ஆனா மெனு கார்டைப் பார்த்துட்டு நாமளே நைசா எழுந்து வந்திருக்கோம்.

இதையெல்லாம் போட்டோவில் எப்படிக் காட்டுறது? 2004-ல் துகா வியெய்ரா சாவ் பாவ்லோவில் எடுத்த படம் ஒண்ணு இருக்கு, தேடிப் பாருங்க. ஒரு பக்கம் பரைசோபொலிஸ் குடிசைகள். மறுபக்கம் பால்கனிக்குப் பால்கனி நீச்சல்குளம் வச்ச அடுக்குமாடி. நடுவில் ஒரு சுவர். ஜானி மில்லர் 2016-லிருந்து ட்ரோனை வச்சு கேப் டவுன், மும்பைன்னு இதே வேலையைச் செய்றார். ரெண்டு பேரும் எடுத்தது எல்லையை. ஏழை முகத்தை குளோசப்ல காட்டி நம்மை ‘உச்’ கொட்ட வைக்கலை.

நம்ம ஆட்கள் செய்றது அந்தக் குளோசப்தான். மஞ்சள் சுவர் போரடிச்சதும் கேமராவைத் தூக்கிட்டு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் போறாங்க. சட்டை இல்லாத குழந்தை, வலை பின்னுற பாட்டி, எல்லாம் கருப்பு வெள்ளையில். தலைப்பு: ‘வாழ்க்கை’. எனக்கு இது சுத்தமா பிடிக்கலை. அந்தப் பாட்டிகிட்ட யாரு கேட்டாங்க? துய்மா வீதியில் ஒரு வீட்டுக் கேட்டைத் தள்ளிட்டுப் போய் சாப்பிடுறவங்களைப் படம் எடுக்கிற தைரியம் நமக்கு இருக்கா?

அதனால ஒண்ணு செய்ங்க. சாயங்காலம் வாய்க்கால் பாலத்துல நின்னு வைட்ல ஒரு ஷாட் எடுங்க, ரெண்டு கரையும் ஒரே ஃபிரேமில் வரணும். அப்புறம் ஒரு மதிலை எடுங்க, அதே தூரத்தில் நின்னு ஒரு திண்ணையையும் எடுங்க. ட்ரோன் வேண்டாம், போன் போதும். நாத்தம் அடிக்கும், அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கங்க. எடுத்ததும் நம்ம இதழுக்கு அனுப்புங்க. கிராப் பண்ணி வாய்க்காலை மட்டும் வெட்டிடாதீங்க.