பைன் என்று வாங்கியது பைன்தானா?

சில வாரங்களுக்கு முன் தருமபுரி பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தொலைபேசியில் அழைத்தார். “ஒன்றரை ஏக்கரில் பைன் மரம் வைக்கப் போகிறேன் சார். பண்ணை வீடு, ரிசார்ட் கட்டுகிறவர்கள் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று நாற்றுக்காரர் சொல்கிறார். பத்தடிக்குப் பத்தடி வைத்தால் ஏக்கருக்கு 435 மரம். முன்பணமும் கொடுத்துவிட்டேன்” என்றார். கன்றின் படத்தை அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் இருந்தது பைன் அல்ல, அரக்கேரியா. டிசம்பர் மாதத்தில் நட்சத்திரமும் விளக்கும் கட்டுவதற்காக நாம் வாங்குகிற ‘கிறிஸ்துமஸ் மரம்’.

பெயர் மாறியது சின்ன விஷயம் போலத் தோன்றலாம். ஆனால் மண், தண்ணீர், விற்பனை, சட்டம் எல்லாமே பெயரோடு சேர்ந்து மாறும். அழகு மரங்களில் பணம் போட விரும்புவோர் இதை இப்போது யோசிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.

கோனோகார்பஸ் கொடுத்த பாடம்

வேகமாக வளர்கிறது, எப்போதும் பச்சையாக இருக்கிறது, ஆடு மாடு கடிப்பதில்லை என்று சொல்லி, சில ஆண்டுகளுக்கு முன்புவரை சாலையோரம், கல்லூரி வளாகம், மனைப்பிரிவு எங்கும் கோனோகார்பஸ் நட்டார்கள். நாற்றங்கால்களிலும் அதுவே வரிசை வரிசையாக நின்றது. பிறகு மகரந்தத்தால் ஒவ்வாமை, குழாய்களுக்குள் வேர் நுழைதல் என்று புகார்கள் எழுந்தன. 2023-ல் குஜராத் அரசு அதை நடத் தடை விதித்தது. 2025-ல் தமிழக அரசும் தடை விதித்தது. நாற்றங்காலில் கன்று வைத்திருந்தவர்களின் முதலீடு ஓர் அரசாணையோடு நின்றுபோனது.

அரக்கேரியாவுக்கோ பைனுக்கோ சமவெளியில் அப்படியொரு தடை இல்லை. அந்த மரங்களைப் பற்றி இதே புகார்களும் இல்லை. ஆனால் இரண்டிலும் வியாபாரத்தின் அமைப்பு ஒன்றுதான். சவுக்கோ மலைவேம்போ வைத்தால் விலை இறங்கிய ஆண்டிலும் காகித ஆலைக்கோ, பிளைவுட்டுக்கோ, விறகுக்கோ போகும். அழகுக்காக மட்டும் வளர்க்கிற மரத்துக்கு ஒரே ஒரு வாங்குபவர்தான். அவருடைய ரசனை மாறினால் வயலில் நிற்பதை எடுக்க ஆள் கிடையாது.

பைன் வேறு, அரக்கேரியா வேறு

உண்மையான பைன் மரத்தில் இலைகள் நீண்ட ஊசிகளாக, இரண்டு, மூன்று, ஐந்து என்று கொத்தாக இருக்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நாம் பார்க்கும் பைன் காடுகள் பெரும்பாலும் மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பைனஸ் பட்டுலா. அதற்குக் குளிர்ச்சியும் அமிலத்தன்மை உள்ள மண்ணும் வேண்டும். நம் சமவெளியின் சுண்ணாம்பு மண்ணில் வைத்தால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் ஊசிகள் வெளுத்து, கன்று தேங்கி நிற்கும்.

பைனுக்கு இன்னொரு தேவையும் உண்டு. அதன் வேரைச் சுற்றி உறைபோலப் படரும் ஒரு வகைப் பூஞ்சாணம் இல்லாமல் அது சரியாக வளராது. வெப்ப நாடுகள் பலவற்றில் முதலில் நட்ட பைன் கன்றுகள் பிழைக்காமல் போனதற்கும், பழைய பைன் தோட்டத்து மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகு பிழைத்ததற்கும் இதுவே காரணம். கடையில் கிடைக்கும் ‘வேம்’ என்கிற வேர் உட்பூசணம் பைனுக்கு உதவாது. அரக்கேரியாவுக்கு உதவும்.

அரக்கேரியாவில் நமக்கு வருவது இரண்டு இனங்கள். ஒன்று ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே உள்ள நார்ஃபோக் தீவைச் சேர்ந்தது. மற்றொன்று நியூ கலிடோனியாவைச் சேர்ந்த குக் பைன். பெயரில் மட்டும்தான் பைன். சிறு கன்றில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். வளர்ந்த பிறகு முன்னது அகன்ற கோபுரமாகவும், பின்னது குறுகிய தூணாகவும் நிற்கும்.

குக் பைனிடம் ஒரு விநோதம் உண்டு. அது பூமத்திய ரேகையை நோக்கிச் சாயும். ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில் சராசரிச் சாய்வு சுமார் 8.5 டிகிரி. ரேகையிலிருந்து விலக விலகச் சாய்வு கூடுகிறது என்பதால் நம் ஊரில் அது குறைவாகவே இருக்கும். ஆனாலும் தெற்குப் பக்கம் லேசாகச் சாய்ந்த மரத்தைப் பார்த்து வேர் அழுகிவிட்டதோ, காற்று தள்ளிவிட்டதோ என்று பதற வேண்டாம்.

கன்று வாங்கும்போது

அழகு மரக் கன்றுகள் நமக்கு ஆந்திராவின் கடியம், திருச்சூர் பக்கத்து மண்ணுத்தி, பெங்களூரு போன்ற இடங்களிலிருந்து வருகின்றன. இரண்டு மூன்று கை மாறி வருவதால் மூலம் தெரிவதில்லை. அரக்கேரியாவில் இதுதான் பெரிய ஆபத்து.

விதையிலிருந்து வந்த கன்றும், உச்சிக் குருத்தை வெட்டி வேர்விட வைத்த கன்றும் மட்டுமே நேராக எழும்பி அடுக்கடுக்காகக் கிளை விடும். பக்கக் கிளையை வெட்டி வேர்விட வைத்தால் அது வேர் பிடிக்கும், பச்சையாகவும் இருக்கும். ஆனால் எத்தனை ஆண்டு ஆனாலும் கிளையைப் போலப் படுத்தேதான் வளரும். குச்சி கட்டி நிமிர்த்தினாலும் மரமாகாது. எனவே ஒவ்வொரு கன்றிலும் நடுத்தண்டிலிருந்து நாலா பக்கமும் சமமாகக் கிளைகள் பிரிகின்றனவா என்று பாருங்கள். ஒரே தளத்தில் விசிறிபோல விரிந்திருந்தால் வாங்காதீர்கள்.

விதை போடுகிறவர்கள் புதிய விதையாகக் கேட்டு வாங்கி உடனே விதைக்க வேண்டும். முளைப்புத்திறன் விரைவில் போய்விடும். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய விதையை வாங்கினால் தட்டு காலியாகத்தான் இருக்கும்.

தொட்டியில் வளர்ப்பு

சமவெளி விவசாயிக்கு நான் பரிந்துரைப்பது தொட்டிக் கன்று மட்டும்தான், அதுவும் ஏற்கெனவே நாற்றங்கால் வைத்திருப்பவர்களுக்கு.

செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் மூன்றையும் சம பங்கு கலந்து நிரப்புங்கள். வடிகால் துளை அடைபடாமல் இருக்க வேண்டும். அரக்கேரியா சாவதற்குத் தண்ணீர்க் குறைவைவிடத் தண்ணீர்த் தேக்கமே அடிக்கடி காரணமாகிறது. மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். அதே சமயம் தொட்டியை முழுக்கக் காயவிட்டால் கீழ்க்கிளைகள் பழுத்து உதிரும். உதிர்ந்த இடத்தில் மறுபடி கிளை வராது. அடிக்கிளை போன கன்றுக்குச் சந்தையில் விலை இல்லை.

இளங்கன்றுகளை 50 சதவீத நிழல்வலைக்குள் வையுங்கள். வெளிச்சம் ஒரு பக்கமாக மட்டும் விழுந்தால் கன்று கோணும் என்பதால், வாரம் ஒரு முறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பிவிடுங்கள். வெளியே வைக்கும்போது வெயிலுக்குப் படிப்படியாகப் பழக்குங்கள். உச்சிக் குருத்தை எக்காரணம் கொண்டும் கிள்ளக் கூடாது. வண்டியில் ஏற்றும்போது குருத்து ஒடிந்தாலும் அடுக்கின் அழகு அன்றோடு கெட்டது. மாவுப்பூச்சி, செதில் பூச்சி தெரிந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சிறிது காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

சரியான உயரத்துக்கு வளரச் சில ஆண்டுகள் ஆகும். விற்பனையோ டிசம்பரின் சில வாரங்களில் முடிந்துவிடும். ஆகவே ஒரே வயதுக் கன்றுகளை மொத்தமாக வைக்காமல், ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள்.

நிலத்தில் நடுவோருக்கு

தாயகத்தில் 50 மீட்டருக்கு மேல் வளரும் மரம் இது. வீட்டுச் சுவரை ஒட்டியோ, மின்கம்பிக்கு அடியிலோ வைக்காதீர்கள். தொந்தரவு வந்த பிறகு உச்சியை வெட்டினால் மரம் அலங்கோலமாகிவிடும். உப்புக் காற்றைத் தாங்குவதால் கடலோரத்தில் நன்றாக வரும். ஆனால் தண்ணீர் நிற்கும் களிமண்ணில் வராது. வயலில் வளர்த்து, பெரிதானதும் தோண்டி விற்கலாம் என்பது பேச்சுக்குத்தான் எளிது. மண்கட்டியோடு வேர் அறுபடாமல் எடுக்கவும் ஏற்றவும் ஆகும் செலவை யார் ஏற்பது என்று முதலிலேயே எழுதி வாங்காவிட்டால் அது உங்கள் தலையில்தான் விழும்.

மலைப்பகுதி விவசாயிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சோலைக் காடுகளையும் புல்வெளிகளையும் மீட்பதற்காக அயல் மரங்களை அகற்றும் பணி நடக்கிறது. தமிழக அரசு 2022-ல் இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. பைனின் ஊசிகள் எளிதில் மக்குவதில்லை. கோடையில் அவை தீப்பிடிக்கும் மெத்தையாகவும் ஆகின்றன. மேலும், 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ள இடங்களில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி தேவைப்படும். நடுவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அழகு மரம் பற்றிக் கேட்டு வருகிறவரிடம் சாகுபடி முறையைச் சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். கன்றின் சரியான பெயர் என்ன, அது விதையிலிருந்து வந்ததா, வாங்குபவர் யார் என்று எழுத்தில் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், வேலியோரம் நாலு மரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தருமபுரி விவசாயியிடம் நானும் அதைத்தான் சொன்னேன். முன்பணம் முழுவதும் திரும்பவில்லை. அதற்கு ஈடாக நாற்பது தொட்டிக் கன்றுகள் எடுத்துக்கொண்டிருக்கிறார். கொய்யாவுக்குப் பக்கத்தில் நிழல்வலைக்கு அடியில் அவை இருக்கின்றன. ஒன்றரை ஏக்கரில் இந்தப் பருவத்துக்கு நிலக்கடலை போட்டிருக்கிறார்.