பரணில் தூங்கும் வாக்கர்!

உங்கள் வீட்டுப் பரணில் என்னென்ன இருக்கிறது? ஏறிப் பார்க்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்... முடியவில்லை, இல்லையா? எனக்கும் அப்படித்தான்.

எங்கள் பரணில் ஒரு வாக்கர் இருந்தது. மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது வாங்கியது. கூடவே கமோடு நாற்காலி, படுக்கைப்புண் வராமலிருக்க ஒரு காற்றுப் படுக்கை. அவர் காலமான பிறகு எல்லாவற்றையும் துடைத்து, பழைய வேட்டியில் மூட்டை கட்டி மேலே ஏற்றிவிட்டோம். "இருக்கட்டும், வேணும்னா எடுத்துக்கலாம்" என்றார் என் கணவர். யாருக்கு வேணும்னா? அதை நானும் கேட்கவில்லை. ஆறு வருஷம் அது அங்கேயே கிடந்தது.

ஒருநாள் காலை, பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க விசைத்தறி முன்னால் நின்று வேலை பார்த்தவர். தொடை எலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தள்ளித் தள்ளி வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். சிமென்ட் தரையில் நாற்காலி 'கர்ர்'ரென்று முன்னால் ஓட, அவர் பின்னால் தடுமாற... எனக்கு உயிரே போய்விட்டது.

"எத்தனை நாளா இப்படி நடக்கறீங்கய்யா?"

"மூணு வருஷமா இப்படித்தாம்மா."

மூன்று வருஷம்! அத்தனை நாளும் அவருக்குத் தேவையான பொருள் ஒரு தெரு தள்ளி, எங்கள் தலைக்கு மேலே தூங்கிக் கொண்டிருந்தது. சுருக்கென்றது எனக்கு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மில் பலர் பரணில் ஏறுவதே போகிக்குத்தான். திருத்தணியில் டிசம்பர் 31 படித்திருவிழாக் கூட்டம் கலைந்த இரண்டே வாரத்தில் போகி வந்துவிடும். 1960 ஏப்ரல் 1-ம் தேதி வரை சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திராவில் இருந்த ஊராச்சே! தெலுங்கு பேசும் வீடுகளில் பிள்ளைகள் குட்டிக் குட்டி வரட்டிகளை மாலையாகக் கோத்து நெருப்பில் போடுவது இன்றும் வழக்கம். அந்தக் காலத்தில் எரிந்தது கோரைப்பாய், துடைப்பம், நைந்த முறம். இன்று? ஃபோம் மெத்தை, பாலியஸ்டர் புடவை, ரெக்ஸின் பை, சைக்கிள் டயர். ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு சயனைடு வாயுவும் சேர்ந்து வரும். டயர் புகையில் கந்தக வாயுவும் கரித்தூளும் இருக்கும். மார்கழிக் கடைசியின் விடியற்காலைக் குளிரில் காற்று அசையாது. புகை மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக் கிடக்கும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அன்றைக்குப் பொங்கலா பிடிக்கும்? 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போனது நினைவிருக்கும்.

'அப்போ எரிக்காமல் எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துடறோம்' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணி போனது. மீனவ மக்கள் அதைத் தொட மறுத்தார்கள். சாலையோரம் மூட்டை மூட்டையாகக் கிடந்து நனைந்தது. அதற்கு முந்தின நாள்வரை கடலில் உழைத்துக் கௌரவமாகச் சாப்பிட்டவர்கள் அவர்கள். ஊரார் கழித்துப்போட்டதை ஏன் உடுத்த வேண்டும்? டெல்லியில் 1999-ல் தொடங்கிய 'கூஞ்ச்' என்ற தொண்டு நிறுவனம் பிறகு அந்தத் துணிகளை எடுத்துப் பிரித்துப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அனுப்பியவர்கள் கெட்டவர்கள் இல்லை. பீரோ காலியானால் போதும் என்று நினைத்தவர்கள், அவ்வளவுதான். என் கட்சி இதுதான்: உங்கள் தங்கைக்குக் கொடுக்கக் கூசுகிற பொருளை வேலைக்கு வரும் அம்மாவுக்கும் கொடுக்காதீர்கள். துவைத்து, பட்டன் தைத்து, "வேணுமா?" என்று கேட்டுக் கொடுங்கள். "வேணாம்" என்று சொல்ல அவருக்கும் உரிமை உண்டு.

(பழைய துணிக்குப் பாத்திரம் விற்பவரிடம் நான்கு புடவையைக் கொடுத்துவிட்டு ஒரு தட்டுக்காக அரைமணி நேரம் பேரம் பேசுவோமே... அது வியாபாரம். அதைத் தானக் கணக்கில் எழுத வேண்டாம்!)

ஆரோக்கியப் பத்திரிகை படிக்கிறவர்கள் நீங்கள், அதனால் நோயாளிப் பொருட்களைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம். வாக்கர் கொடுக்கும் முன் அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், சொற்பக் காசுதான். தேய்ந்த புஷ்தான் வழுக்கும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கைப்பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். அந்த அளவுக்குக் கால்களை ஏற்றி இறக்கி வைத்துக் கொடுங்கள். நெபுலைசர் மெஷினைக் கொடுக்கலாம், ஆனால் பழைய மாஸ்க்கும் குழாயும் கூடவே கூடாது. மீந்த மாத்திரை, அடுத்தவர் பவர் கண்ணாடி இரண்டையும் நேராக யார் கையிலும் திணிக்காதீர்கள். பாதரச தர்மாமீட்டரைப் போகி நெருப்பில் போட்டுவிடாதீர்கள், அந்த ஆவி நச்சு. மொட்டைமாடியில் கிடக்கும் டயர், உடைந்த வாளியெல்லாம் டெங்கு கொசுவின் தொட்டில். அவை யாருக்கும் தானமாகாது, துப்புரவுப் பணியாளரிடம் தனியாகச் சேர்க்க வேண்டியவை.

யாருக்குக் கொடுப்பது? பூக்காரம்மா, மருந்துக் கடைக்காரர், பால்காரர்... இவர்களைக் கேளுங்கள். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அரசு மருத்துவமனையிலும் முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கொண்டுபோகலாம்.

எங்கள் வாக்கர் கதை? பெரியவர் அதை இரண்டு வருஷம் பிடித்து நடந்தார். அவர் போன பிறகு அவர் மகன் கழுவி, புது புஷ் மாட்டி, "வேற யாருக்காவது ஆகும்மா" என்று கொண்டுவந்து கொடுத்தார். இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறது. கமோடு நாற்காலி நான்காவது வீட்டில். எது யாரிடம் என்று காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன்.

காற்றுப் படுக்கைதான் போயிற்று. ஆறு வருஷம் மடித்தே கிடந்ததில் மடிப்புக்கு மடிப்பு வெடித்துவிட்டது. ஊதிப் பார்த்தோம், நிற்கவில்லை.