துடைப்பம் நம் கையில், டெண்டர் யார் கையில்?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர்களோடு தொடர்புடைய பன்னிரண்டு கோட்டைகளை ஒரே தொகுதியாகச் சேர்த்தார்கள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். அன்றிலிருந்து அனந்தபுரம் டீக்கடைகளில் இதே பேச்சு. விடுதிகள் வரும், ரோடு அகலமாகும், பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே வேலை கிடைக்கும். வரட்டும் தோழர்களே, மகிழ்ச்சிதான். ஆனால் காலனிப் பிள்ளைக்கு என்ன வேலை வரும்? கோட்டை வாசலைப் பெருக்கும் வேலையா, அதைப் பெருக்குவதற்கான ஒப்பந்தமா?

இரண்டுக்கும் நடுவில்தான் நம் மொத்த வரலாறும் கிடக்கிறது. பெருக்குகிறவர் நம்மவர், பில் போடுகிறவர் வேறொருவர். சாலை போடும்போது தார் ஊற்றுகிறவர் நம்மவர், போர்டில் பெயர் இருப்பது வேறொருவருக்கு.

ஒப்பந்தக்காரர் ஆவது எப்படி என்று விசாரித்துப் பாருங்கள். முதலில் அரசுத் துறையில் ஒப்பந்தக்காரராகப் பதிய வேண்டும். அதற்கு சால்வன்சி சான்று கேட்பார்கள். சால்வன்சி என்றால் சொத்து, நம் பக்கத்தில் சொத்து என்றால் நிலம். டெண்டருக்கு இ.எம்.டி. கட்டக் கையில் பணம் வேண்டும். அதையும் புரட்டிவிட்டால் இதே மாதிரி வேலையை முன்பு செய்த அனுபவச் சான்று கேட்பார்கள். வேலை கிடைத்தால்தானே அனுபவம்? எந்தத் தாளிலும் சாதி என்ற சொல் இருக்காது. ஆனாலும் ஒவ்வொரு படியிலும் நம் ஆள் நின்றுவிடுவார்.

நிலம் ஏன் இல்லை என்பது நீங்கள் அறிந்ததுதான். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் 1891 அறிக்கைக்குப் பிறகு வழங்கப்பட்ட பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்கிறார்கள். அது கை மாறிப் போனதைக் கேட்டு 1994இல் காரணையில் திரண்டபோது ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். பஞ்சமி நிலத்தைப் பழைய கதையாகப் பேசுகிறவர்களிடம் நாங்கள் சொல்வது: அந்த நிலம் இருந்திருந்தால் இன்று சால்வன்சிக்கு அலைய வேண்டியதில்லை.

நிலத்துக்குப் பதிலாக நமக்குக் கிடைத்தது கடன். தாட்கோ 1974இலிருந்து இருக்கிறது. 2023இல் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. 35 சதவீதம் முதலீட்டு மானியம், 6 சதவீதம் வட்டி மானியம். நல்ல திட்டம், தகுதியுள்ள எல்லோரும் விண்ணப்பியுங்கள். ஒன்றிய அரசின் ஸ்டாண்ட் அப் இந்தியா 2016இல் வந்தது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் எஸ்.சி. அல்லது எஸ்.டி. ஒருவருக்கும் பெண் ஒருவருக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. ஏழு ஆண்டுகளில் நாடு முழுக்க 1.80 லட்சம் கணக்குகள். அதில் எஸ்.சி. கணக்குகள் 27 ஆயிரத்துக்கும் குறைவு.

கடன் கிடைத்தாலும் அது தனி ஆளுக்குக் கிடைக்கிறது. நமக்குத் தெரிந்த ஒரு தம்பி லோனில் டிராக்டர் எடுத்தான். ஆர்.சி. புத்தகத்தில் அவன் பெயர். சாவி தொங்கியது ஊர்த்தெருவில் ஒருவர் வீட்டு ஆணியில். முன்பணம் போட்டவர் அவர். தவணை தவறியபோது வங்கி தேடி வந்தது மட்டும் தம்பியை.

இந்த இடத்தில் நாம் பார்க்க வேண்டியது கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்களை. நம்மைப் போலவே அவர்கள் பெயரையும் வாழ்க்கையையும் அடுத்தவர்கள் தீர்மானித்த காலம் உண்டு. 1993இல் அவர்கள் அரசோடு நுனாவுட் ஒப்பந்தம் போட்டார்கள். சுமார் மூன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் நிலம் கூட்டுச் சொத்தாகக் கிடைத்தது, நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீடும் கிடைத்தது. அதே ஒப்பந்தத்தின் 24ஆம் பிரிவு, அந்தப் பகுதியின் அரசு ஒப்பந்தங்களில் இனுயிட் நிறுவனங்களின் பங்கை உயர்த்தச் சொல்கிறது. எது இனுயிட் நிறுவனம் என்ற பதிவேட்டை வைத்திருப்பது அரசு அல்ல, அவர்களுடைய சொந்த அமைப்பான நுனாவுட் துங்காவிக். பாதிக்கு மேல் உடைமை இனுயிட் கையில் இல்லாவிட்டால் பட்டியலில் இடமில்லை. அங்கேயும் பினாமிகள் முளைக்கிறார்கள். ஆனால் நம் டிராக்டர் சாவி மாதிரியான விஷயத்தைத் தட்டிக் கேட்க அவர்கள் கையில் ஒரு பதிவேடு இருக்கிறது.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. வீட்டுப் பஞ்சமும் உணவுப் பஞ்சமும் இன்றும் இருக்கின்றன. சுரங்க விரிவாக்கத்தை எதிர்த்து 2021இல் இனுயிட் வேட்டைக்காரர்கள் மேரி ரிவர் இரும்புச் சுரங்கத்தின் விமான ஓடுபாதையையே மறித்தார்கள். ஒப்பந்தத்தை அரசு நிறைவேற்றவில்லை என்று 2006இல் வழக்குப் போட்டு, 2015இல் 25.5 கோடி டாலருக்குச் சமரசம் பெற்றார்கள். அதில் பெரும்பகுதியை இனுயிட் தொழிற்பயிற்சிக்கு ஒதுக்கினார்கள். இன்னொரு வேறுபாடும் உண்டு. நுனாவுட்டில் அவர்கள் பெரும்பான்மை. நாம் விழுப்புரம் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறோம் என்றாலும் ஒவ்வொரு ஊரிலும் தனித்தனிக் காலனியாகச் சிதறிக் கிடக்கிறோம்.

அதனால் அப்படியே எடுத்துவர முடியாது. ஆனால் கடனைத் தாண்டிக் கேட்க முடியும். ஒன்றிய அரசு நிறுவனங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தை எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்பது 2012இலிருந்து உள்ள விதி. பல ஆண்டுகள் அது 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. கர்நாடகம் ஒரு படி மேலே போய் அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களிலேயே 24.1 சதவீதத்தைச் சட்டமாக்கியது. முதலில் 50 லட்சம் வரையிலான பணிகளுக்கு, 2023இல் 1 கோடி வரை. பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் அந்தச் சட்டம் உள்ள மண்ணில்தான் கலவை சுமக்கிறார்கள்.

செஞ்சிக்கு நாங்கள் கேட்பது இதுதான். கோட்டையைச் சுற்றி வரும் வாகன நிறுத்தம், சிற்றுண்டிக் கடை, பராமரிப்பு, சிறு கட்டுமானம் ஆகியவற்றில் மக்கள்தொகைக்கேற்ற பங்கு காலனி இளைஞர்களின் கூட்டுறவு நிறுவனங்களுக்கு வேண்டும். அந்தப் பணிகளுக்கு சால்வன்சியும் அனுபவச் சான்றும் தளர்த்தப்பட வேண்டும். வழிகாட்டிப் பயிற்சி வேலைகள் வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். இனுயிட்டுகள் ஒப்பந்தத்துக்கு எட்டு ஆண்டு முன்பே, 1985இல், இளைஞர்களுக்கான பயிற்சியைத் தொடங்கிவிட்டார்கள்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இப்போதே ஒரு வேலை இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு செஞ்சி, அனந்தபுரம் பேரூராட்சிகளுக்கு ஆர்.டி.ஐ. மனு போடுங்கள். ஐந்து ஆண்டுகளில் வந்த டெண்டர்கள் எத்தனை, எடுத்தவர்கள் யார் யார், அதில் எஸ்.சி. ஒப்பந்தக்காரர் எத்தனை பேர் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. வரும் பதில்களை எங்களுக்கு அனுப்புங்கள், பதிவேட்டை நாமே தொடங்குவோம்.