நாலு பேர் கதைக்கினம், கொஞ்சம் பேசாமல் இருங்கோ

போன மாதம் உடுவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, பதினொரு பேர் சுற்றி இருந்து ஒரு ஒலிப்பதிவு கேட்டோம். ஜோசப் ஹேடன் 1797இல் எழுதிய ஸ்ட்ரிங் குவார்ட்டெட் ஒன்று. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ. நாலு பேர், நாலு நரம்பு வாத்தியம், பாட்டும் இல்லை, தாளவாத்தியமும் இல்லை. இரண்டாம் பகுதி தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கேற்றடியில் சைக்கிளை நிப்பாட்டி எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மாமா கேட்டார்: "என்ன பிள்ளையள், ஜேர்மனி மட்ச் தொடங்கப் போகுதோ?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் மாமா சொன்னது பிழையில்லை. வியன்னாவில் இருந்த பேரரசர் பிரான்சுக்கு வாழ்த்துப் பாட்டாக ஹேடன் போட்ட மெட்டு அது. அதே மெட்டைத் தன்னுடைய குவார்ட்டெட்டிலும் (ஓபஸ் 76, மூன்றாவது) எடுத்து வைத்தார். பேந்து 1922இல் வேறு சொற்களோடு அது ஜேர்மனியின் தேசிய கீதமானது. இண்டைக்கும் அதுதான். உலகக் கிண்ணம் பார்த்த எந்தப் பெடியனுக்கும் பெட்டைக்கும் இந்த மெட்டு காதில் இருக்கிறது. அப்ப, "உந்த வெள்ளைக்காரச் சங்கீதம் எங்களுக்குப் பிடிபடாது" எண்டு ஏன் திரும்பத் திரும்பச் சொல்லுறம்? அந்தச் சொல்லோடதான் எங்கட சண்டை.

முதலில் அந்த ஏழு எட்டு நிமிடத்தில் என்ன நடக்கிறது எண்டு சொல்லிவிடுகிறோம். தொடக்கத்தில் முதல் வயலின் மெட்டை வாசிக்கிறது, மற்ற மூன்றும் கீழே நின்று தாங்குகின்றன. பிறகு அதே மெட்டு இன்னும் நாலு தரம் வருகிறது. முதல் தரம் இரண்டாம் வயலின் எடுக்க, முதல் வயலின் அதைச் சுற்றிப் பொடிச் சுரங்களாக ஓடுகிறது. வியோலாவும் செலோவும் வாய் திறக்கவில்லை. அடுத்த தரம் செலோ. அதுக்கடுத்தது வியோலா. கடைசியில் திரும்பவும் முதல் வயலின், ஆனால் இப்ப கீழே மற்ற மூன்று பேரும் நகர்கிற விதம் வேறு. எங்கட கீர்த்தனையில் வரி அப்படியே இருக்க, சங்கதிக்குச் சங்கதி மெட்டு விரியும். இங்கே மெட்டு அசையாமல் நிற்க, அதுக்குப் பக்கத்தில் இருக்கிறவை மாறுகினம். மெட்டை வைத்திருந்தவர் அடுத்த தரம் பக்கவாத்தியம் ஆகிவிடுகிறார்.

எங்கள் பதினொரு பேரில் நாலு பேர் வயலின் படித்தவர்கள். தரம் தரமாகச் சோதினை எழுதி, மாலை ரியூசனுக்கும் வயலின் வகுப்புக்கும் இடையில் சைக்கிள் ஓடிக் களைத்தவர்கள். மருதனார்மடம் சந்தியில் இருந்து எட்டி நடந்தால் முந்தி இராமநாதன் நுண்கலைக் கழகம் எண்டு இருந்த இடம். வயலினைப் பட்டமாகவே படிக்கலாம். அப்படியொரு ஊர் இது. அந்த நாலு பேரில் ஒருத்தி, பதிவு முடிஞ்ச பிறகு சொன்னாள்: "ஏழு வருசம் வயலின் படிச்சனான். வயலின் இன்னொரு வயலினோட கதைச்சதை இண்டைக்குத்தான் கேட்டன்." பாட்டுக்குப் பின்னால போகத்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்திருந்தார்கள். அதில் குறை இல்லை. பாடகர் விட்ட இடத்தைப் பிடித்துத் திருப்பிக் குடுக்கிறது லேசான வேலையில்லை. ஆனால் ஒரு வாத்தியத்துக்கு இருக்கிற இன்னொரு வாழ்க்கையை ஏழு வருசத்தில் ஒருத்தரும் அவளுக்கு ஒருக்காக்கூடப் போட்டுக் காட்டவில்லை. போன் எல்லாற்ற கையிலயும் இருந்தது.

"உது எங்கட இல்லை" எண்டு சொல்லுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. வயலின் ஆற்றது? சென்னைப் பக்கம் ஐரோப்பியரிடம் வயலின் பழகி, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்தவர்களில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் முன்னோடி. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலின்காரர். இருநூறு வருசத்துக்கு முந்தி எங்கட ஆக்கள் கூச்சப்படாமல் எடுத்த வாத்தியத்தை இப்ப "எங்கட" எண்டு தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது பிறந்த வீட்டை மட்டும் எட்டிப் பார்க்க மாட்டம் எண்டால் என்ன நியாயம்? யாழ்ப்பாணத்திலேயே உதாரணம் இருக்கிறது. வி. லக்ஷ்மிநாராயணா இங்கே வயலின் கற்பித்தவர். அவருடைய பிள்ளைகள் இங்கேதான் வில் பிடிக்கப் பழகினார்கள். 1958 கலவரத்தோடு அந்தக் குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. மகன் எல். சுப்பிரமணியம் 1985இல் சுபின் மேத்தா நடத்த, நியூயோர்க் பில்ஹார்மோனிக்கோடு தன்னுடைய ஆக்கத்தையே வாசித்தார். அவரை எங்கட ஆள் எண்டு பெருமை பேசுகிற நாங்கள், அவர் காது குடுத்த இடத்துக்குக் காது குடுக்க மாட்டம்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேணும். உடுவிலில் இருந்து இதை எழுதுகிற எங்களைப் பார்த்து "மிஷன் புத்தி" எண்டு ஆரும் சொல்லலாம். 1824இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். ஆங்கிலமும் தேவாலயப் பாட்டும் சேர்ந்தே வந்தன. பிறகு பியானோவும் லண்டன் சோதினையும் வீட்டு அந்தஸ்தைக் காட்டுகிற சாமான்கள் ஆயின. மேலைத்தேய இசை தெரியும் எண்டால் ஆர் எவர் எண்டு ஊர் கணக்குப் போட்டது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் ஹேடனை அந்த வீட்டுக்காரருக்கே எழுதிக் குடுத்துவிட்டு வருவதுதான் எங்களுக்கு விளங்கேல்லை. பியானோ வாங்கக் காசு வேணும். பதிவு கேட்க ஒரு மாத டேற்றாவில் ஒரு துண்டு போதும்.

அடுத்தது, "சொல் இல்லாமல் எப்பிடி விளங்கும்" எண்ட கதை. இதை இணுவிலுக்குப் பக்கத்தில் இருந்து சொல்ல வெட்கப்பட வேணும். கோயில் திருவிழாவில் இரண்டு தவில்காரர் மாறி மாறி வாசிக்க, ஒருத்தர் போட்ட கணக்கை மற்றவர் உடைத்துத் திருப்பிக் குடுக்க, விடிய விடிய நிண்டு கேட்ட சனம் எங்கட சனம். அதில் என்ன சொல் இருந்தது? கேள்வியும் பதிலும் குறும்பும் சண்டையும் எல்லாருக்கும் விளங்கினதுதானே. சோடி நாதஸ்வரம், சோடி தவில் எண்டு நாலு பேர் உட்கார்ந்த மேளக் கச்சேரியைக் கேட்ட காதுக்கு, நாலு பேர் வில் பிடித்துக் கதைக்கிறது அவ்வளவு தூரம் இல்லை. பழக ரெண்டு மூன்று கிழமை எடுக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது ஆள்தான் எங்களுக்குக் கனக்க எரிச்சல் ஊட்டுகிறவர். வெளிநாட்டில் இருந்து லீவுக்கு வந்து, "உதெல்லாம் நேரில கேக்க வேணும், ரெக்கோட்டிங் செத்த சாமான்" எண்டு சொல்லிப்போட்டுப் போகிறவர். அவருக்கு வியன்னாவும் லண்டனும் ஒரு ரெயில் தூரம். எங்களுக்கு?

தட்சணாமூர்த்தியின் தவிலை எடுங்கோ. 1975இல் போய்விட்டார். எங்கள் வயதில் ஒருத்தரும் அவரை நேரில் கேட்டதில்லை. இரைச்சலும் சனத்தின் சத்தமும் கலந்த பழைய பதிவுகளில்தான் எங்களுக்கு அவர் இருக்கிறார். அதைக் கேட்டு மயிர்க்கூச்செறிகிற எங்களைப் பார்த்து அது செத்த சாமான் எண்டு ஆரும் சொல்ல முடியுமோ? தொண்ணூறுகளில் கரண்டும் இல்லை, பற்றறியும் தடை. அப்ப அம்மா அப்பாமார் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒராள் பெடலைச் சுற்ற, டைனமோவில் பாட்டுக் கேட்டார்கள். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் இழுபட்டு இறங்கும். ஒரு பதிவுக்கு அவ்வளவு மரியாதை குடுத்த ஊரில் பிறந்துபோட்டு, இப்ப பதிவு ரெண்டாந்தரம் எண்டு கேட்டுக்கொண்டு இருக்க வேண்டிக் கிடக்கு.

பதிவில் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலையும் இருக்கிறது. ஒரே ஆக்கத்தை வேறு வேறு காலத்து ஆக்கள் வாசித்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். பீத்தோவனின் ஓபஸ் 131 எண்டு ஒரு குவார்ட்டெட். 1826இல், காது முழுக்கக் கேட்காமல் போன பிறகு எழுதினது. ஏழு பகுதி, இடையில் நிப்பாட்டாமல் நாற்பது நிமிடத்துக்குக் கிட்ட. முதல் வயலின் தனிய ஒரு வசனத்தைத் தொடங்கும், இரண்டாம் வயலின் அதையே பிடிக்கும், பிறகு வியோலா, பிறகு செலோ. அடோல்ஃப் புஷ் குழுவினர் 1930களில் வாசித்த பதிவில் ஒரு சுரத்தில் இருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகிறது நல்லாய்க் கேட்கும். எங்கட வயலின் பிள்ளைகள் உடனே "ஜாரு!" எண்டார்கள். அல்பன் பெர்க் குழுவினரின் பிந்திய பதிவில் அந்த வழுக்கல் குறைவு, கத்தியால் வெட்டினது மாதிரித் துல்லியம். எது சரி எண்டு எங்களுக்குள்ள ஒரு மணித்தியாலம் சண்டை. புஷ் குழு வாசித்த காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கம் நாலு நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்; துண்டு துண்டாய் நிப்பாட்டி நிப்பாட்டித்தான் அந்த முழு நீளத்தையும் பதிந்திருக்கிறார்கள். ஒட்டு எங்கே எண்டு தேடிப் பார்த்தோம், பிடிபடவில்லை.

அந்த ஹேடன் பதிவுக்கும் ஒரு கதை இருக்கிறது. அன்றைக்கு நாங்கள் போட்டது அமடேயஸ் குவார்ட்டெட். அதில் மூன்று பேர் யூதர்கள். 1938இல் நாசிகள் ஒஸ்ரியாவைப் பிடித்த பிறகு வியன்னாவை விட்டு ஓடி வந்த பெடியள். அடைக்கலம் தேடி வந்த அவர்களை பிரிட்டன் "எதிரி நாட்டவர்" எண்டு முகாமில் அடைத்தது. அந்த முகாம் பழக்கம்தான் குழுவுக்கு விதை. செலோவுக்கு ஒரு லண்டன்காரர் சேர, 1948இல் விக்மோர் ஹோலில் அந்தப் பெயரில் முதல் கச்சேரி. 1987இல் வியோலாக்காரர் பீற்றர் ஷிட்லோஃப் இறந்தபோது, அவருடைய இடத்துக்கு வேறு ஆளைப் போடாமல் குழுவையே நிப்பாட்டினார்கள். இப்ப அந்த மெட்டை யோசியுங்கோ. அவர்களைத் துரத்தினவர்கள் எழும்பி நிண்டு பாடின தேசிய கீதம் அது. அதே மெட்டைத்தான் அந்த மூன்று பேரும், அவ்வளவு மெதுவாக, ஒருத்தர் மடியில் இருந்து மற்றவர் மடிக்கு ஒரு பிள்ளையை மாற்றுகிற மாதிரி வாசிக்கிறார்கள். இதை மாமாவுக்குச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு, "நானும் ஜேர்மனியில காம்பில இருந்துதான் தொடங்கினனான்" எண்டார். "திருப்பி ஒருக்காப் போடுங்கோ."

இவ்வளவும் இருக்கிற இசையை யூரியூப்பில் "படிக்கும்போது கேட்க மூன்று மணித்தியாலம்" எண்டு ஆரோ வெட்டி ஒட்டி வைத்ததைப் போட்டுவிட்டு ஓ.எல். கணக்குச் செய்கிறோம். எங்களையும் சேர்த்துத்தான் சொல்லுகிறோம். மூளை வளருமாம். மூளை வளரட்டும், ஆனால் அது கேட்கிறது இல்லை. மின்விசிறிச் சத்தத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்லை. எங்கட சங்கீதத்துக்கும் நாங்கள் செய்கிறது இதைத்தான். கலியாண வீட்டில் நாதஸ்வரக்காரர் உயிரைக் குடுத்து ஒரு ராகத்தை விரிக்க, முன்னுக்கு இருந்து வீடியோக்காரரோடு கத்திக் கதைக்கிறோம்.

இன்னொன்று, போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். செலோவின் அடி நரம்பு செக்கனுக்கு 65 அதிர்வுக்குக் கிட்ட. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதை ஒழுங்காய்க் குடுக்க ஏலாது. நாலு பேரில் ஒருத்தரின் அரைவாசிக் கதை காணாமல் போகும். விலை குறைந்த ஹெட்செற் எண்டாலும் பரவாயில்லை. முதல் தரம் முழுக்கக் கேளுங்கோ. இரண்டாம் தரம் வியோலாவை மட்டும் பின்தொடருங்கோ. நடுவில் நிற்கிறதால் அதைத்தான் காது முதலில் தவறவிடும்.

வாற மாதம் ஷொஸ்டகோவிச்சின் எட்டாவது குவார்ட்டெட். 1960இல் போரில் நொறுங்கின டிரெஸ்டனுக்குப் போன இடத்தில், பக்கத்து ஊரில் தங்கி, மூன்று நாளில் எழுதினது. பாசிசத்துக்கும் போருக்கும் பலியானவர்களுக்கு எண்டு மேலே எழுதி வைத்திருக்கிறார். தன்னுடைய பெயரின் எழுத்துக்களையே நாலு சுரமாக்கி செலோவில் தொடங்குகிறார். நாலாம் பகுதியில் மூன்று அடி வரும், திரும்பத் திரும்ப. குண்டு எண்டும் சொல்லுகிறார்கள், இரவில் கதவு தட்டுகிற சத்தம் எண்டும் சொல்லுகிறார்கள். எது எண்டு சொல்ல எங்கட அம்மாமாரையும் கூப்பிட்டிருக்கிறோம். பொரோடின் குழுவினரின் பதிவு போடுவோம், இருபது நிமிடம்தான். அதே விறாந்தை, ஞாயிறு பின்னேரம் நாலு மணி. பாய் காணாது, வாறவை ஆளுக்கொண்டு கொண்டு வாங்கோ. மாமா ஸ்பீக்கர் தாறன் எண்டிருக்கிறார்.