சிரட்டையும் ஒரு தோட்டமே

"வீட்டுத்தோட்டம் செய்வோம்" என்பது நாம் அடிக்கடி கேட்கும் அறிவுரையாகும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, வீட்டில் பயிர் செய்வதற்கென அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கவும் அரசாங்கம் தீர்மானித்தது. ஆயினும் காணியற்றோர் எங்கே பயிரிடுவர்? லயன் அறைகளிலும் தொடர்மாடிகளிலும் வாழ்வோரை இவ்வறிவுரை மறந்துவிடுகிறது.

இவர்களுக்கு ஏற்றது மைக்ரோகிரீன் எனப்படும் நாற்றுக் கீரையாகும். கண் திறந்த சிரட்டையில் ஈரமான தும்புத்தூளை இட்டு, கடுகையோ வெந்தயத்தையோ நெருக்கமாகத் தூவவேண்டும். யன்னலோர வெளிச்சத்தில் வைத்து நாள்தோறும் நீர் தெளித்துவந்தால், ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களுள் நாற்றைத் தண்டோடு வெட்டிக் கழுவி உண்ணலாம். வித்திலைகளில் சேமிக்கப்பட்ட உணவே நாற்றை வளர்ப்பதால் பசளை தேவையில்லை. மருந்து பூசப்பட்ட நடுகை விதைகளை மட்டும் தவிர்த்தல் வேண்டும்.

ஒரு பிடி கீரை பசியைப் போக்காது என்பது உண்மையே. எனினும், சோற்றோடும் பருப்போடும் சேரும்போது அது விற்றமின்களைத் தருகின்றது. எனவே மாணவர்களே, காணியுள்ளோருக்கு மட்டுமன்றி, யன்னலோரம் ஒன்றே உள்ளோருக்கும் வீட்டுத்தோட்டத் திட்டங்கள் வழிகாட்ட வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.