கபூர் கட்டடத்தின் பெயர் யாருடையது?



"கொழும்புக் கோட்டையைக் கட்டியது வெள்ளைக்காரன்" என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். கார்கில்ஸின் செங்கல் மாளிகை 1906இல் எழுந்தது, சரி. ஆனால் துறைமுகத்துக்குப் பக்கத்தில், லெய்டன் பெஸ்டியன் வீதியில் நிற்கும் நான்கு மாடிக் கபூர் கட்டடத்தை எழுப்பியது யார்? மாணிக்கக்கல் வியாபாரி என்.டி.எச். அப்துல் கபூர் ஹாஜியார். எங்கள் சமூகத்து மனிதர்.

காலத்தையும் கவனியுங்கள். 1915ஆம் ஆண்டளவு. அதே 1915இல்தான் கண்டியில் தொடங்கிய கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. "இவர்கள் உழைத்ததைச் சுருட்டிக்கொண்டு போகிறவர்கள்" என்ற பேச்சு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. போக நினைப்பவன் கோட்டையின் நடுவில் நான்கு மாடி கட்டுவானா? நூறு வருடம் தாண்டி நிற்கும் அந்தச் சுவரை விடப் பெரிய பதில் எங்களிடம் என்ன இருக்கிறது?

"அது வெள்ளைக்காரன் பாணிக் கட்டடம்தானே" என்று சிலர் சொல்கிறார்கள். பாணி அந்தக் காலத்துடையது. காசும் துணிவும் கபூர் ஹாஜியாருடையவை. பிரித்தானியக் கம்பனிகள் ஆண்ட வட்டாரத்தில் தன் பெயரிலேயே அலுவலகக் கட்டடம் எழுப்புவது சின்ன விசயமா? அதே மனிதர்தான் 1931இல் மஹரகமையில் கபூரிய்யா அரபுக் கல்லூரியை நிறுவினார். சம்பாத்தியம் கல்லாகவும் நின்றது, கல்வியாகவும் நின்றது.

"பழைய சுவருக்கு ஏன் இந்தப் பாடு?" என்று கேட்பவர்கள் நம்மிலும் உண்டு. புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிக்கு முன்னால் செல்பி எடுப்போம். அதை வரைந்த ஹபீபு லெப்பை சாய்பு லெப்பையின் பெயர் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? பெயர் தெரியாத சொத்துக்கு நாளை வேறு பெயர் வைத்தால், கேட்பதற்கு ஆள் இருக்காது.

ஆகவே மூன்று விடயங்கள் கேட்கிறோம். கோட்டையில் எந்தத் திருத்த வேலை நடந்தாலும் கபூர் என்ற பெயர் அந்தக் கட்டடத்தில் இருக்க வேண்டும். கட்டியவரின் வரலாற்றை மூன்று மொழியிலும் சொல்லும் பலகை ஒன்று வேண்டும். கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா போகும் பாடசாலைகள் தாமரைக் கோபுரத்தோடு திரும்பாமல் கோட்டையிலும் பஸ்ஸை நிறுத்த வேண்டும். வீட்டு அலுமாரியில் பழைய உறுதிகள், கடைப் பற்றுச்சீட்டுகள், போட்டோக்கள் வைத்திருப்பவர்கள் கறையானுக்குக் கொடுக்காமல் பிரதி எடுத்து வையுங்கள்.

நாங்கள் இந்த நாட்டுக்கு யார் என்று ஒருவன் கேட்டால், கோபப்படத் தேவையில்லை. கையைப் பிடித்து அந்தக் கட்டடத்துக்கு முன்னால் கூட்டிப்போனால் போதும்.